எத்தனை மணி நேரம் பிடிக்கும்? டிவிடிப் பதிவுத் தரமும் திருவனந்தபுரத்துத் திரை நினைவும்

திரைப்பட வரலாற்றில் இயக்குநர், நடிகர், தயாரிப்பாளர், தணிக்கை, திரையரங்கு ஆகிய அனைத்துக்கும் இடம் கிடைத்துவிட்டது. பிரதிக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஏட்டுச் சுவடியை ஆராய்பவர், எந்த ஏடு, எங்கே சிதைந்தது, எங்கே பாடம் வேறுபடுகிறது என்று கேட்ட பிறகே நூலைப் பற்றிப் பேசத் தொடங்குவார். திரைப்படத்தை ஆராயும் நாமோ, எந்த வட்டில் பார்த்தோம், அந்த வட்டு எந்தத் தரத்தில் பதியப்பட்டது என்பதை அடிக்குறிப்பில்கூடச் சொல்வதில்லை.

இப்பதிவு டிவிடிப் பதிவுக் கருவியில் இருந்த ஒரு சிறிய தெரிவைப் பற்றியது. எக்ஸ்.பி., எஸ்.பி., எல்.பி., ஈ.பி. என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகே கருவி பதியத் தொடங்கும். இது தொழில்நுட்பர் பார்த்துக்கொள்ளும் வேலை என்று நாம் கடந்துவிடுகிறோம். ஆனால், 2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் திருவனந்தபுரத்தின் திரைப்பண்பாடு பெருமளவு வட்டுகளின் வழியாகவே கைமாறியது. அவ்வட்டுகளில் எது தெளிவாக எஞ்சியது, எது கலங்கியது என்பதை அந்த ஒரு தெரிவு முடிவு செய்தது. அதை ஒரு வரலாற்றுச் சான்றாகப் படிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

1. ஒரு வட்டின் கணக்கு

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஒற்றை அடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட், அதாவது 470 கோடி பைட்டுகள். பிட்டுகளில் சொன்னால் 3,760 கோடி. இந்த அளவு மாறாது. மாறுவது, அதை எத்தனை மணி நேரத்துக்குப் பங்கிடுகிறோம் என்பது மட்டுமே.

எக்ஸ்.பி. முறையில் ஒரு வட்டில் ஒரு மணி நேரம் பதியலாம். ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஒரு கோடி பிட்டுகள் கிடைக்கும். டிவிடி விதிமுறை அனுமதிக்கும் உச்ச வரம்பும் ஏறக்குறைய அதுதான். எஸ்.பி. முறையில் இரண்டு மணி நேரம். நொடிக்குச் சுமார் 52 லட்சம். எல்.பி. முறையில் நான்கு மணி நேரம், 26 லட்சம். ஈ.பி. முறையில் ஆறு மணி நேரம், 17 லட்சம். கருவிக்குக் கருவி பெயர்கள் சற்று மாறலாம். வகுத்தல் கணக்கு மாறாது.

பிட்டுகள் குறையும்போது கருவி மற்றொன்றையும் செய்யும். இந்தியத் தொலைக்காட்சி பின்பற்றிய ‘பால்’ முறையில் டிவிடியின் முழுப் படச்சட்டம் 720-க்கு 576 படப்புள்ளிகள் கொண்டது. பல கருவிகள் எல்.பி. முறைக்கு இறங்கியதும் அகலத்தை ஏறக்குறையப் பாதியாக, 352 ஆக, வெட்டிவிடும். இன்னும் இறங்கினால் உயரமும் 288 ஆகும். அது பழைய விசிடியின் அளவு. உறையில் ‘டிவிடி’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது விசிடியின் படமாக இருக்கலாம்.

2. பெட்டியில் வந்த படம், வீட்டில் தங்கிய படம்

இத்தெரிவு ஏன் இந்நகரில் முக்கியமாயிற்று என்பதை அறியச் சற்றுப் பின்னே செல்ல வேண்டும். 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணன், குளத்தூர் பாஸ்கரன் நாயர் முதலியோர் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். அக்காலத்தில் உலகத் திரைப்படம் என்பது பெட்டியில் வரும் படச்சுருள். புணேயில் 1964-இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமோ, ஏதேனும் ஒரு தூதரகமோ அனுப்பும் சுருள் ஒரு மாலை ஓடும். மறுநாள் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடும். பார்வையாளரிடம் எஞ்சுவது நினைவும், கையில் குறித்த சில வரிகளும். அந்தத் தலைமுறையின் திரை விமரிசனங்களில் கதைச் சுருக்கம் நீளமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதுகிறேன்: திரும்பப் பார்க்க வழியில்லாதவர் முதலில் கதையைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

1980-களில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் பெட்டிகளோடு வீடியோ கருவிகள் கேரளத்து வீடுகளுக்குள் நுழைந்தன. 1985 சனவரி முதல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாள நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. 1993-இல் ஏசியாநெட் வந்தது. தொலைக்காட்சியில் வந்ததை வீட்டிலேயே நாடாவில் பிடித்து வைக்கலாம் என்ற நிலை உண்டானது. தர நிலைகளுக்குள் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் அப்போதே தொடங்கிவிட்டது. மூன்று மணி நேர வி.எச்.எஸ். நாடாவை எல்.பி. முறையில் ஓட்டினால் ஆறு மணி நேரம் பிடிக்கும். ஒரு நாடாவில் இரண்டு படங்கள்! டிவிடிக் கருவி வந்தபோது எஸ்.பி., எல்.பி. என்ற எழுத்துகள் நமக்குப் புதியவையாக இல்லை. நாடாக் காலத்துச் சிக்கனமும் அவ்வெழுத்துகளோடு சேர்ந்தே வந்தது.

3. பீமாப்பள்ளியின் வட்டுகள்

இவ்வரலாற்றில் தவிர்க்க இயலாத இடம் பீமாப்பள்ளி. நகரின் கடற்கரையோரம், பூந்துறைக்கு அருகே, தர்காவைச் சூழ்ந்து வளர்ந்த குடியிருப்பு. வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பெயர்பெற்றிருந்த அங்காடி, பின்னர் ஒலி நாடாக்களுக்கும் வட்டுகளுக்கும் பெயர்பெற்றது. ‘திருட்டு வட்டுச் சந்தை’ என்ற ஒற்றைத் தொடரில் அவ்வூரை அடக்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அவ்வணிகம் குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தக் கடைகளில் வெகுசனப் படங்களுக்குப் பக்கத்திலேயே தார்கோவ்ஸ்கியும் பெர்க்மனும் குரோசாவாவும் அடுக்கப்பட்டிருந்ததை வரலாற்றாசிரியர் ஒதுக்கிவிட முடியாது. 1994-இல் கோழிக்கோட்டில் தொடங்கி, பின்னர் திருவனந்தபுரத்தில் நிலைகொண்ட கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழா ஆண்டுக்கு ஒரு வாரம் பசியைத் தூண்டியது. எஞ்சிய ஐம்பத்தொரு வாரங்களுக்கும் இந்தக் கடைகள் தீனி போட்டன. கொரிய இயக்குநர் கிம் கி டுக்கின் படங்கள் 2005-ஆம் ஆண்டு விழாவில் தொகுப்பாகத் திரையிடப்பட்டன. 2013-இல் அவரே விருந்தினராக வந்தபோது அவரைக் காண இந்நகரில் கூட்டம் திரண்டது. அந்தப் புகழை விழாவின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. இடைப்பட்ட ஆண்டுகளில் கைமாறிய வட்டுகளுக்கும் அதில் பங்குண்டு.

இனி, அவ்வகை வட்டுகளின் தரத்துக்கு வருவோம். நிறுவனங்கள் வெளியிட்ட அசல் டிவிடிகளில் பல, 8.5 கிகாபைட் கொண்ட இரட்டை அடுக்கு வட்டுகள். பதியக் கிடைத்த மலிவான வெற்று வட்டோ 4.7 கிகாபைட். நகலெடுப்பவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, படத்தை மேலும் சுருக்கி, ஏறத்தாழ 55 விழுக்காட்டுக்குள் அடக்குவது. மற்றொன்று, இயக்குநரின் விளக்கவுரை, நேர்காணல், கூடுதல் மொழித்தடங்கள் முதலியவற்றை நீக்கிவிட்டுப் படத்தின் தரத்தைக் காப்பது. முதல் வழியில் படம் மெலியும். இரண்டாம் வழியில் படத்தைச் சூழ்ந்திருந்த அறிவு போய்விடும். திரைக்கல்வி நிறுவனத்தில் பயிலாதவர்களுக்கு அந்த விளக்கவுரைகளே வகுப்பறையாக இருந்திருக்கக் கூடும் என்பதை எண்ணினால், இரண்டாவது இழப்பும் சிறிதன்று.

இவற்றுக்கும் கீழே, இந்தியச் சந்தைகள் எங்கும் பரவிய ‘ஐந்து படம் ஒரே வட்டில்’ என்னும் வகை. ஐந்து படங்களுக்கு ஒன்பது மணி நேரம் என்று கொண்டால், நொடிக்குக் கிடைப்பது ஒலியையும் சேர்த்துச் சுமார் 11.6 லட்சம் பிட். விசிடியில் படத்துக்கு மட்டுமே 11.5 லட்சம் பிட் ஒதுக்கப்பட்டிருந்தது. சாதாரண டிவிடி இயக்கியில் ஓடும் முறையில் பதிந்த அத்தகைய வட்டு, விசிடியைவிடத் தாழ்ந்த தரத்துக்கே சென்றது. அதை வாங்கியவர் ஏமாந்தார் என்று சொல்ல முடியாது. ஒரு படத்தின் விலையில் ஐந்து படங்களைப் பார்க்கும் வாய்ப்பை அவர் தேர்ந்தெடுத்தார். ஹிட்டோ ஸ்டேயர்ல் 2009-இல் ‘ஏழைப் படிமம்’ பற்றி எழுதிய கட்டுரை இந்தப் பண்டமாற்றையே பேசுகிறது: தெளிவை இழந்த படிமம் பரவலை ஈட்டுகிறது. நைஜீரியாவின் வீடியோ சந்தையை ஆராய்ந்த பிரையன் லார்கின், நகலின் இரைச்சலும் மங்கலுமே அங்கே ஒரு பார்வை அனுபவமாகிவிட்டதைக் காட்டினார். திருவனந்தபுரத்துக்கும் இது பொருந்தும்.

2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் சட்டப்படி விற்கத் தொடங்கியபோது, இந்தச் சந்தையின் விலையோடுதான் அது போட்டியிட்டது. அந்நிறுவனம் 2018-இல் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. அதற்கு முன்பே வட்டின் காலம் முடியத் தொடங்கியிருந்தது.

4. எது முதலில் கெடுகிறது?

தரம் குறையும்போது படம் முழுவதும் ஒரே அளவில் கெடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. டிவிடி பயன்படுத்தும் எம்பெக்-2 சுருக்கம், ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொண்டு இடத்தை மிச்சப்படுத்துகிறது. ஆகவே அசையாதது மலிவு. ஒழுங்காக அசைவது அதற்கடுத்த மலிவு. ஒழுங்கின்றி அசைவது மிகுந்த செலவு. மழை, நீரலை, புகை, தீ, காற்றில் ஆடும் இலைகள், திரளும் கூட்டம் ஆகியவை இவ்வகை. இருளிலிருந்து மங்கிய ஒளிக்கு மெல்ல மாறும் பரப்பும் ஆபத்தானது. பிட்டுகள் போதாதபோது அது கட்டங்கட்டமாக உடையும்.

இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்தால், மலையாளக் கலைப்படத்தின் காட்சிமொழி கண்முன் வரும். அடூரின் ‘எலிப்பத்தாயம்’ (1981) இருண்ட தறவாட்டு வீட்டுக்குள்ளும் குளத்து நீரிலும் தன் பொருளை வைத்திருக்கிறது. அரவிந்தனின் ‘காஞ்சன சீதா’ (1977) காட்டையும் ஆற்றையும் நம்பி எடுக்கப்பட்டது. அப்படத்தில் சீதை மனித உருவில் தோன்றுவதில்லை, இயற்கையின் அசைவாகவே உணர்த்தப்படுகிறாள். எல்.பி. அல்லது ஈ.பி. முறையில் பதிந்த வட்டில் முதலில் கட்டங்களாகச் சிதைவது இலைகளின் அந்த அசைவுதான். முகத்தை நேராகக் காட்டி வசனம் பேசவைக்கும் தொலைக்காட்சித் தொடர் அதே வட்டில் ஓரளவு நன்றாகவே இருக்கும். குறைந்த தரப் பதிவு எல்லாப் படங்களையும் சமமாக நடத்துவதில்லை. காட்சியால் பேசும் படத்தைத் தண்டித்து, வசனத்தால் பேசும் படத்துக்குச் சலுகை தருகிறது. வட்டில் மட்டும் பார்த்த மாணவர், அரவிந்தனை ‘மெதுவான, மங்கலான’ இயக்குநர் என்று எழுதினால், அம்மங்கல் யாருடையது என்று நாம் கேட்டாக வேண்டும்.

நிகழ்த்துகலைப் பதிவுகளில் சிக்கல் இன்னும் கூர்மையானது. 2001-இல் யுனெஸ்கோவின் அறிவிப்பில் இடம்பெற்ற கூடியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1970-இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட மார்கி, கதகளியோடு அக்கலையையும் பேணி வருகிறது. கூடியாட்டத்தில் ஓர் அங்கமே பல இரவுகளுக்கு நீளும். ஒளி, நிலைவிளக்கின் சுடர். அபிநயத்தின் உச்சமோ கண்ணசைவில். நீளத்தைக் கருதினால், குறைந்த வட்டுகளில் அடக்க எல்.பி. முறையை நாடத் தோன்றும். நுட்பத்தைக் கருதினால் எக்ஸ்.பி. முறையே வேண்டும்: சுடரின் நடுக்கம், அதைச் சூழ்ந்த இருள், விழியின் சிறு அசைவு ஆகிய மூன்றும் சுருக்கத்தின் முதல் பலிகள். ‘இரவு முழுவதையும் பதிந்தோம்’ என்று பெருமையோடு சொல்லப்படும் பதிவில் கதை முழுமையாக இருக்கலாம். நேத்ராபிநயத்தை ஆராய வருபவருக்கு அதில் எதுவும் இல்லாமல் போகலாம். எதைக் காக்கிறோம் என்று முடிவு செய்யாமல் எந்தத் தரத்தில் பதிவது என்று முடிவு செய்ய முடியாது.

5. ‘பழைய நாடாவுக்கு இது போதும்’

நூலகங்களிலும் வீடுகளிலும் பரவலாக இருந்த மற்றொரு நம்பிக்கை: ‘மூலமே மோசமான வி.எச்.எஸ். நாடா, அதற்கு எதற்கு உயர்தரம்? எல்.பி. போதும்.’ கேட்க நியாயமாகத் தோன்றும் இக்கருத்து, சுருக்கத்தின் இயல்பால் தலைகீழாகிறது. நாடாவின் தெளிவு குறைவு என்பது உண்மையே. அகலம் பாதியானாலும் அதிகம் இழப்பதில்லை. ஆனால் பழைய நாடாவில் இரைச்சல் மிகுதி. திரையெங்கும் பொடிப்பொடியாக நெளியும் அந்த இரைச்சலும் மழையைப் போலவே ஒழுங்கற்ற அசைவு. எது இரைச்சல், எது நடிகரின் முகம் என்று கருவிக்குத் தெரியாது. இரைச்சலைக் குறித்துவைப்பதிலேயே பிட்டுகளைச் செலவழித்து, முகத்துக்கு மிச்சமின்றி நிற்கும். ஆகவே சிதைந்த நாடாவுக்குத் தூய மூலத்தைவிடக் கூடுதல் பிட்டுகள் வேண்டும்.

மூன்று மணி நேர நாடாவை எஸ்.பி. முறையில் இரண்டு வட்டுகளாகப் பிரித்திருந்தால் இச்சிக்கல் பெருமளவு தீர்ந்திருக்கும். கூடுதல் செலவு ஒரு வெற்று வட்டு. ஆயினும் ஒரு நாடாவுக்கு ஒரு வட்டு என்ற கணக்கு பட்டியலிடுவதற்கும் அலமாரியில் அடுக்குவதற்கும் வசதியானது. பல நேரங்களில் தரத்தைத் தீர்மானித்தது பணமுடையைவிட இந்த எண்ணிக்கை ஒழுங்கே எனலாம்.

6. எஞ்சியதே வரலாறாகும்போது

பிரதியின் தரம் எப்போது உயிர்ப்பிரச்சினை ஆகிறது? மூலம் இல்லாதபோது. மலையாள சினிமாவின் தொடக்கமே இழப்பில்தான் நிற்கிறது. ஜே.சி. டேனியல் எடுத்து, திருவனந்தபுரம் கேப்பிடல் அரங்கில் திரையிட்ட ‘விகதகுமாரன்’ படத்தில் ஒரு சுருள்கூட எஞ்சவில்லை. இன்றைய குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் 1975-இல் டேனியல் மறைந்தபோது, காட்டுவதற்கு அவருடைய படம் இல்லை. 1933-இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ பிழைத்த விதமோ விந்தையானது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவல் உரிமை தங்களுடையது என்று இந்நகரின் கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடுத்தது, படம் நின்றுபோயிற்று. பதிப்புரிமை வழக்கில் முடங்கிய அந்தப் பிரதி அப்புத்தக நிலையத்திலேயே கிடந்து, 1974-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குச் சென்றது. மலையாளத்தில் எஞ்சியிருக்கும் ஒரே மௌனப்படம் அது. ஒரு நூற்றாண்டில் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பிரதியை முடக்கிக் காத்தது. மற்றொரு காலத்தில் சட்டத்தை மீறிய பிரதிகள் பல படங்களின் நினைவைக் காத்தன. காப்பகத்தின் வரலாற்றில் நல்லெண்ணத்தைவிடத் தற்செயலுக்கு அதிக இடமுண்டு.

அண்மைச் சான்று அரவிந்தன். ‘கும்மாட்டி’ (1979), ‘தம்பு’ (1978) ஆகியவற்றின் மூல நெகட்டிவ்கள் இன்று இல்லை. இரண்டுக்கும் கேமரா ஷாஜி என். கருண். ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன், மார்ட்டின் ஸ்கார்செசி நிறுவிய ஃபிலிம் ஃபவுண்டேஷன், பொலோஞ்ஞாவின் சினிமா காப்பகம் ஆகியவை இணைந்து, தேசியக் காப்பகத்தில் இருந்த பிரதிகளைக் கொண்டு அவற்றை மீட்டெடுத்தன. ‘கும்மாட்டி’ 2021-இல் பொலோஞ்ஞாவிலும், ‘தம்பு’ 2022-இல் கான் விழாவின் செவ்வியல் பிரிவிலும் திரையிடப்பட்டன. மங்கிய பிரதிகளிலேயே அவற்றை அறிந்திருந்த ஆய்வாளர்கள், புல்வெளியின் நிறத்தையும் முகங்களின் நுணுக்கத்தையும் புதிதாகக் காண நேர்ந்தது. இவ்விரு படங்களுக்கும் படச்சுருள் பிரதி எஞ்சியிருந்தது. எஞ்சாதவற்றுக்கு ஒரு தொலைக்காட்சிப் பதிவோ, ஒரு விசிடியோ, யாரோ எல்.பி. முறையில் பதிந்த வட்டோதான் மூலம். அங்கே 26 லட்சம் பிட்டுகளில் இல்லாததை எந்த மீட்டெடுப்பும் திரும்பக் கொண்டுவராது.

7. மாணவர்களுக்குச் சில வேண்டுகோள்கள்

இவ்வட்டுகளின் ஆயுளும் முடிந்துகொண்டிருக்கிறது. வீட்டில் பதியும் வட்டில் தரவைத் தாங்குவது கரிமச் சாய அடுக்கு. ஒளியும் வெப்பமும் ஈரமும் அதற்குப் பகை. கடற்காற்றும் இரு பருவமழைகளும் கொண்ட இந்நகரில் பெட்டியில் கிடப்பதாலேயே வட்டு பத்திரமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. எனவே பல துறைகளும் நூலகங்களும் இப்போது வட்டுகளை வன்தட்டுகளுக்கு மாற்றுகின்றன. இங்கேதான் பழைய தெரிவு புதிய வடிவில் திரும்பி வருகிறது. இடத்தை மிச்சப்படுத்த, 4.7 கிகாபைட் வட்டை 700 மெகாபைட் கோப்பாக மறுசுருக்கம் செய்கின்றனர். ஏற்கெனவே சுருக்கியதை மீண்டும் சுருக்கினால், முதல் சுருக்கத்தின் கட்டங்களையும் சேர்த்தே இரண்டாவது சுருக்கம் குறித்துவைக்கிறது.

ஆகவே, முதலாவதாக, வட்டை அப்படியே முழுப் படிமக் கோப்பாக எடுத்து வையுங்கள். மறுசுருக்கம் செய்த கோப்பு பார்ப்பதற்கு மட்டும் இருக்கட்டும். இரண்டாவதாக, மீடியாஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் திறந்து, படச்சட்ட அளவையும் பிட் வீதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 352 என்ற எண்ணைக் கண்டால் எல்.பி. அல்லது அதற்கும் கீழான பதிவாக இருக்கலாம் என்று அறியலாம். மூன்றாவதாக, ஷாட்டுகளின் நீளத்தை அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நொடிக்கு 24 சட்டங்களில் எடுத்த படம் ‘பால்’ முறை வட்டில் பெரும்பாலும் 25 சட்டங்களில் ஓடும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். திருத்தாமல் எழுதிய சராசரிகள் அனைத்தும் நான்கு விழுக்காடு பிழையானவை. நான்காவதாக, உறையையும் கையெழுத்துக் குறிப்பையும் விலைச்சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். எந்தக் கடை, எந்த ஆண்டு, ஒரு வட்டில் எத்தனை படம் என்ற செய்திகள், அப்படம் யாரை எப்படி அடைந்தது என்பதற்கான சான்றுகள்.

எம்.பி.3 கோப்பின் வரலாற்றை 2012-இல் நூலாக எழுதிய ஜோனதன் ஸ்டெர்ன், ஒரு பதிவு வடிவத்துக்குள் கேட்பவரைப் பற்றிய ஊகம் ஒன்று மறைந்திருக்கிறது என்று காட்டினார். பதிவுத் தரத் தெரிவுக்குள்ளும் அப்படி ஓர் ஊகம் உண்டு: இதை யார், எதற்காக மீண்டும் பார்க்கப்போகிறார்? எல்.பி. முறையைத் தேர்ந்தவர், கதையைத் தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவரை மனத்தில் வைத்திருந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் நிழலையும் விழியசைவையும் இலையையும் தேடி ஒரு மாணவி வருவார் என்று அவர் எண்ணவில்லை. அதற்காக அவரைக் குறைகூற வேண்டியதில்லை. இன்று உங்கள் துறையின் வட்டுகளை வன்தட்டுக்கு மாற்றும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், அந்த மாணவியை மனத்தில் வைத்துத் தரத்தைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்ததைப் பட்டியலிலும் எழுதிவையுங்கள்.